பனிக்கடியில் ஒரு நெடுந்துயில்

கேள்வி: லடாக்கில் பாங்காங் ஏரிக்குச் செல்லும் வழியில், பருத்த உடலுடைய ஒரு விலங்கு பின்கால்களில் நிமிர்ந்து நிற்கக் கண்டேன். அது எது? கடுங்குளிரில் எவ்வாறு பிழைக்கிறது?
— வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் கண்டது இமாலய மர்மோட், அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு மேல், மரங்களற்ற புல்வெளிச் சரிவுகளில் கூட்டமாக வாழும் இவ்விலங்கு, கழுகையோ ஓநாயையோ கண்டவுடன் கூர்மையாகச் சீழ்க்கையொலி எழுப்பித் தன் இனத்தை எச்சரித்துவிட்டு வளைக்குள் மறையும். கோடையில் புல்லும் பூண்டும் தின்று சேர்த்த கொழுப்பையே நம்பி, வளையின் வாயை அடைத்துக்கொண்டு, ஆழத்திலுள்ள அறையில் ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்து, உடல் வெப்பமும் இதயத்துடிப்பும் வெகுவாகக் குறைந்த நிலையில், ஏறக்குறைய ஆறு மாதங்கள் உறங்குகிறது. பயணிகள் பரிவோடு நீட்டும் பிஸ்கட் அதற்குக் கேடு விளைவிப்பதால், அடுத்த முறை தயவுசெய்து எட்ட நின்றே பாருங்கள்.