சுருட்டும் துப்பாக்கியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆர்தர் பென் இயக்கிய ‘பானி அண்ட் கிளைட்’ படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். படம் பிடித்திருந்தது, ஆனால் மனம் ஒப்பவில்லை. 1930களில் அமெரிக்காவில் கொள்ளையடித்துப் பல உயிர்களைப் பறித்த நிஜ மனிதர்கள் இருவரை இப்படி அழகழகாக உடுத்திக் காதலர்களாக உலவவிடலாமா? நீங்கள் இதைத் தொடர்ந்து புகழ்வது ஏன்?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

1967இல் படம் வெளிவந்தபோதே நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி க்ரவ்தர் உங்களைவிடக் கோபமாக இதைக் கேட்டுவிட்டார். இன்னொரு விமர்சகரான பாலின் கேல் நியூயார்க்கர் இதழில் நீண்ட கட்டுரை எழுதிப் படத்துக்காக வாதாடினார். நான் கேலின் கட்சி.

அந்த ஒப்பனையைத் தொடங்கிவைத்தவர் பென் அல்ல. 1933 ஏப்ரலில் மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளினில் இரண்டு காவலர்களைக் கொன்றுவிட்டுத் தப்பிய பானி, கிளைட் கும்பல், தங்கியிருந்த வீட்டில் ஒரு கேமராவையும் கழுவாத படச்சுருள்களையும் விட்டுச்சென்றது. கூடவே பானி கைப்பட எழுதிய ஒரு கவிதை. வாயில் சுருட்டும் கையில் துப்பாக்கியுமாக அவள் நிற்கும் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது அப்படித்தான். நிஜத்தில் அவர்கள் வங்கிகளைவிட மளிகைக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும்தான் அதிகம் கைவைத்தார்கள். அதே ஆண்டு ஒரு கார் விபத்தில் கால் வெந்துபோன பானி, பிறகு நடக்கவே திண்டாடினாள். படத்தில் பானியாக வரும் ஃபே டன்னவே கடைசிவரை ஒயிலாகத்தான் நடக்கிறார், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தங்கள் கதையில் தாங்களே மயங்கிய இருவர் இவர்கள் என்பது படத்துக்குத் தெரியும். வங்கி பிடுங்கிக்கொண்ட வீட்டைக் கடைசியாகப் பார்க்க வரும் விவசாயியிடம், வங்கிகளைக் கொள்ளையடிப்பவர்கள் என்று கிளைட் பெருமையாகச் சொல்கிறான். அதுவரை நாம் பார்த்தது ஒரு மளிகைக் கடைக் கொள்ளை மட்டுமே! அடுத்து அவன் துப்பாக்கியோடு நுழையும் வங்கியோ ஏற்கெனவே திவாலாகிவிட்டது.

முதல் கொலையை மறுபடி பாருங்கள். உள்ளே கொள்ளை நடக்கும்போது, காரோட்டி மாஸ் சமர்த்தாக இரண்டு வண்டிகளுக்கு நடுவே காரை நிறுத்திவைக்கிறான். வெளியே எடுக்க முடியாமல் முன்னும் பின்னும் இடிக்கிறான். நாம் சிரிக்கிறோம். சிரிப்பு அடங்குவதற்குள் வங்கிக்காரர் ஒருவர் ஓடிவந்து காரில் தொற்றிக்கொள்ள, கிளைட் ஜன்னல் வழியாக அவர் முகத்திலேயே சுடுகிறான். அடுத்து சினிமா அரங்கு. கிளைட் பதறிப்போய் மாஸைத் திட்டித் தீர்க்கிறான். பானிக்கோ திரையில் ஓடும் பாட்டைப் பார்க்க விடாமல் இவர்கள் பேசுவதுதான் எரிச்சல். இதைக் கொலைகாரர்களுக்குப் பாடிய துதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. படத்தில் இவர்களைத் துரத்தும் காவல் அதிகாரி ஃபிராங்க் ஹேமர் இவர்களிடம் பிடிபட்டு அவமானப்படுகிறார். நிஜ ஹேமர் 1934 மே 23 அன்று லூசியானாவில் பதுங்கியிருந்து சுட்டதற்கு முன் இவர்களைச் சந்தித்ததே இல்லை. அவர் மனைவி வழக்குப் போட்டார், பணம் கொடுத்துத்தான் தீர்த்தார்கள். இன்னொருவர் கிளைடின் அண்ணி பிளான்ச். ஓயாமல் அலறும் பெண்ணாக நடித்த எஸ்டெல் பார்சன்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது; அப்போது உயிரோடிருந்த பிளான்ச்சுக்குத் தன்னை அப்படிக் காட்டியது துளியும் பிடிக்கவில்லை.