அறுபது சதவீதம் என்றால் எதில் அறுபது?

அன்புள்ள டாக்டர்,

எனக்குப் பரு வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. அது விட்டுச்சென்ற பள்ளங்கள் மட்டும் இரண்டு கன்னங்களிலும் அப்படியே இருக்கின்றன. ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் மூன்று முறை செய்துகொண்டேன். கடைசியாகச் செய்து ஆறு வாரம் ஆகிறது. "அறுபது சதவீதம் சரியாகிவிட்டது" என்கிறார் மருத்துவர். கண்ணாடியில் எனக்கு அதே பள்ளங்கள்தான் தெரிகின்றன. போதாததற்குக் கன்னம் முன்பைவிடக் கறுத்துவிட்டது. அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறாரா, அல்லது என் கண்தான் பழுதா? என் அக்கா புருவங்களுக்கு நடுவே விழும் கோட்டுக்கு போடாக்ஸ் போட்டுக்கொண்டாள். இரண்டே வாரத்தில் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அடுத்துக் கண்ணுக்குக் கீழே பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாளாம். அவளுக்கு அத்தனை நிறைவு, எனக்கு இத்தனை ஏமாற்றம். ஏன் இப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கண்ணில் பழுதில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டவும் உங்கள் கடிதத்தில் ஆதாரமில்லை. அவர் தழும்பை அளக்கிறார், நீங்கள் முகத்தை அளக்கிறீர்கள். தழும்பு குறைந்தால் முகமும் அதே அளவுக்கு மாறிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதை முதல் லேசருக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் குறை மருத்துவருடையது, உங்களுடையதல்ல.

அந்த அறுபதை எடுத்துக்கொள்வோம். பல மருத்துவமனைகளில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கால் பங்குக்குள், அரைக்குள், முக்காலுக்குள், அதற்கும் மேல் என்று நான்கு பிரிவுகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். "அறுபது" என்பது "பாதிக்கு மேல், முக்காலுக்குள்" என்ற மதிப்பீட்டுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் எண். அதைவிடப் பயனுள்ள அளவுகோல் ஒன்று உண்டு. 2006-இல் குட்மன், பாரன் என்ற இரு ஆய்வாளர்கள் பருத் தழும்புக்கு நான்கு நிலைகளை வகுத்தார்கள். முதல் நிலையில் பள்ளமே இல்லை, நிறமாற்றம் மட்டும்தான். இரண்டாம் நிலையில் பள்ளம் உண்டு, ஆனால் 50 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி நின்றால் தெரியாது, ஒப்பனை போட்டால் மறையும். மூன்றாம் நிலைத் தழும்பு அந்தத் தொலைவிலும் தெரியும், ஒப்பனைக்கு எளிதில் அடங்காது, ஆனால் தோலை இழுத்துப் பிடித்தால் தட்டையாகும். நான்காம் நிலைத் தழும்பு இழுத்தாலும் தட்டையாகாது.

நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்குவது மருத்துவருக்கு உண்மையான வெற்றி. அடிப்பகுதியில் இறுகிக் கிடந்த நார்த்திசு தளர்ந்தால்தான் அது நடக்கும். ஆனால் மூன்றாம் நிலையில் இருக்கும் தழும்பும் 50 செ.மீ. தொலைவில் தெரியத்தான் செய்யும். நீங்களோ கண்ணாடிக்கு ஒரு சாண் தொலைவில், தலைக்கு மேல் விளக்கு எரிய, நின்று பார்க்கிறீர்கள். மேலிருந்து விழும் ஒளி ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் போடும். ஒரு முழு நிலை இறங்கியிருந்தாலும் அந்தத் தொலைவில், அந்த வெளிச்சத்தில், எதுவும் மாறாதது போலவே இருக்கும்.

ஆறு வாரம் என்பது தீர்ப்பு சொல்லும் காலமும் அல்ல. லேசர் போட்ட இடத்தில் மேல்தோல் ஒரு வாரத்துக்குள் மூடிவிடும். கீழே தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகி ஒழுங்காக அடுக்கப்பட மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். நடுவில் ஒரு மயக்கமும் வரும்: முதல் சில நாட்களில் வீக்கத்தால் தோல் உப்பி, பள்ளம் பாதியாகிவிட்டது போல் தெரியும். வீக்கம் வடிந்ததும் "வந்த பலன் போய்விட்டது" என்று மனம் உடைந்துபோகும். போனது நீர்தான், பலன் அல்ல. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் எத்தனையோ பேர் அந்த வாரங்களில் நிம்மதியாக இருப்பார்கள்.

இனி கறுப்பு. உங்கள் ஏமாற்றத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன். தோலின் நிறத்தையும் வெயிலுக்கு அது நடந்துகொள்ளும் விதத்தையும் வைத்து ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த ஆறு வகைகளில் நான்கு, ஐந்து, ஆறாம் வகைத் தோல்களில் எந்தக் காயம் பட்டாலும், சூடு பட்டாலும் நிறமிச் செல்கள் மிகையாக வேலை செய்யும். லேசரும் ஒரு காயம்தான்; ஃபிராக்‌ஷனல் லேசர் தோலை நுண்புள்ளிகளாகச் சுடுகிறது. புள்ளிகளின் அடர்த்தியைக் கூடுதலாக வைத்தாலோ, ஒரே இடத்தில் இடைவெளி விடாமல் திரும்பத் திரும்ப ஓட்டினாலோ, போதுமான அளவு குளிர்விக்காவிட்டாலோ சூடு தேங்கிக் கறுக்கும். புண் ஆறும் நாட்களில் வெயில் பட்டாலும், பொருக்கைப் பிய்த்தாலும் இதே கதைதான். மேல்தோலில் தங்கிய பழுப்பு நிறம் சில மாதங்களில் வெளுக்கும். ஆழத்தில் இறங்கிய சாம்பல் கலந்த கறுப்பு மிகவும் மெதுவாகவே போகும்.

நிறமும் பள்ளமும் சேர்ந்து வந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். கறுத்த பள்ளம் ஆழமான பள்ளமாகத் தோன்றும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் இரண்டு விரலால் கன்னத்தை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். மறைவது நிழல். மறையாமல் நிற்பதில் குழியாகத் தெரிவது நான்காம் நிலைத் தழும்பு, தட்டையாகக் கறுத்துத் தெரிவது நிறம். தட்டையான கறுப்பே பெரும்பகுதி என்றால் இப்போது உங்களை வருத்துவது பழைய தழும்பைவிடப் புதிய கறுப்புதான். அதற்கு மருந்தும் வேறு, காலக்கெடுவும் வேறு.

அந்தக் கறுப்பு தெளியும்வரை அடுத்த லேசர் வேண்டாம். தெளிந்த பிறகும் அடர்த்தியைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டிச் செய்யச் சொல்லுங்கள். சன்ஸ்கிரீனை எவ்வளவு பூசுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைக் காட்ட பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய அந்த அளவு வரும். பலர் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணாக இருக்கட்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். புற ஊதாக் கதிர் மட்டுமின்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இந்த வகைத் தோலைக் கறுக்கவைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் உங்களுக்கு ஏற்றது.

கறுப்புக்கான களிம்புகளில் அசெலாயிக் அமிலம் 15 முதல் 20 சதவீதம் வரை நீண்ட காலத்துக்கும் பாதுகாப்பானது. ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம் வேகமாக வேலை செய்யும். அதை மருத்துவர் மேற்பார்வையில் சில மாதம் போட்டுவிட்டு நிறுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் போட்டால் அதுவே நீலம் கலந்த கறுப்பைக் கொண்டுவந்துவிடும், அதை நீக்குவது மிகக் கடினம். ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் களிம்பை யார் பரிந்துரைத்தாலும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலியும், இரத்த நாளங்கள் தெரியும், பரு திரும்பும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது: உங்கள் தழும்பு எந்த வகை? ஊசி குத்தியது போன்ற, 2 மில்லிமீட்டருக்கும் குறுகலான, ஆழமான குழிகளுக்கு ஃபிராக்‌ஷனல் லேசர் அடிவரை எட்டாது. அவற்றுக்கு 70 முதல் 100 சதவீத டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைக் கூரான குச்சியால் குழியின் அடியில் மட்டும் தொட்டு வெள்ளை பூக்கவைப்பார்கள். சில வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டும். கை பிசகி விளிம்பில் பட்டால் குழி அகலமாகும், நிறமும் மாறும். அலைபோல் ஏறி இறங்கும் அகலமான தழும்பைக் கீழிருந்து நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். தோலுக்கடியில் ஊசியைச் செலுத்தி அந்த நார்களை அறுக்கும் சப்சிஷன் செய்யாமல் மேலே எத்தனை முறை லேசர் ஓட்டினாலும் அது எழும்பாது. செங்குத்தான விளிம்புள்ள, அதிக ஆழமில்லாத பெட்டித் தழும்புதான் லேசருக்கு நன்றாக இணங்கும். பெரும்பாலான கன்னங்களில் மூன்றும் கலந்தே இருக்கும். லேசர் ஒன்றையே செய்துவிட்டு மொத்தத்துக்கும் ஒரு சதவீதம் சொன்னால், இணங்காத தழும்புகள் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும்.

உங்கள் அக்காவின் மகிழ்ச்சிக்கும் காரணம் இருக்கிறது. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும் ஊசி. புருவ நடுவுக்கு வழக்கமான அளவு 20 யூனிட், ஐந்து இடங்களில் நான்கு நான்காக. மூன்றாம் நாளிலிருந்து மாற்றம் தெரியத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன். கோடு ஒன்று, தசைகள் சில, குறிக்கோள் ஒன்று. பழைய முகம் மனதில் பசுமையாக இருக்கும்போதே புதிய முகம் வந்துவிடுகிறது. மூன்று நான்கு மாதத்தில் கோடு திரும்பும்போது, அந்த ஊசி என்ன செய்தது என்பது இன்னும் தெளிவாகும். உங்களுக்கோ மாற்றம் மாதக்கணக்கில் மெல்ல வருகிறது. தினமும் பார்க்கும் முகத்தில் மெல்ல வரும் மாற்றத்தைக் கண் பிடிக்காது. அக்காவுக்கும் ஒரு எச்சரிக்கை: முகம் சுளிக்காதபோதும் பதிந்து நிற்கும் கோடு இந்த ஊசியால் முழுதாகப் போகாது. முதல் முறை அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளும் பிறகு ஏமாறுவாள்.

மருத்துவரின் மதிப்பெண்ணும் நோயாளியின் நிறைவும் விலகிப்போவது தழும்பில் மட்டுமல்ல. முகத்தில் பழுப்புத் திட்டாகப் படரும் மங்குக்குப் பயன்படும் மாசி (MASI) என்ற மதிப்பெண்ணில் நெற்றிக்கும் இரண்டு கன்னங்களுக்கும் தலா 30 சதவீதம், மோவாய்க்கு 10 சதவீதம். மோவாயில் இருக்கும் திட்டுதான் ஒருவரை வருத்துகிறது என்றால், கன்னம் தெளிந்து மதிப்பெண் பாதியாகக் குறைந்த பிறகும் அவர் வருத்தம் குறையாது. இதனால்தான் நோயாளியே நிரப்பும் ஃபேஸ்-க்யூ போன்ற கேள்வித்தாள்கள் வந்தன. தோல் எப்படித் தெரிகிறது, நாலு பேர் நடுவே இருக்கும்போது எப்படி உணர்கிறீர்கள் என்றெல்லாம் தனித்தனியே கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பிடுவார்கள். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் நிரப்பினால்தான் அதற்குப் பொருள் உண்டு. பின்பு மட்டும் நிரப்பவைப்பது வீண் வேலை.

படங்களையும் நீங்கள் பார்த்தாக வேண்டும், அதுவும் கவனமாக. முதல் படம் பக்கவாட்டு ஒளியில், இன்றைய படம் நேர் ஃபிளாஷில் என்றால் எந்தப் பள்ளமும் மறைந்துவிடும். ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேகூட இது நடக்கும். வீட்டிலேயே எடுக்க வேண்டுமென்றால் போனின் பின்பக்கக் கேமராவில், ஒரு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு அருகில் பிடித்து எடுக்கும் செல்ஃபி மூக்கைப் பெரிதாக்கும், கன்னத்தைக் கோணலாக்கும். முகம் கழுவி இருபது நிமிடம் கழித்து, ஒப்பனை இல்லாமல், அழகூட்டும் ஃபில்டர் அணைத்து, ஒரே விளக்கை ஒரே பக்கத்தில் வைத்து, நேராக ஒன்று, இரு பக்கமும் பாதி திரும்பி ஒவ்வொன்று எடுங்கள். மாதம் ஒருமுறை போதும்.

உங்களுக்கு இது பொருந்தும் என்று சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மனமில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிய குறையை நினைத்து நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கண்ணாடி முன்னும் கவலையிலும் கழிகிறதென்றால், அது உடல் தோற்றக் கவலைக் கோளாறாக இருக்கலாம். பொது மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் காணப்படும் இது, அழகு சிகிச்சைக்கு வருபவர்களிடம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு லேசர் நிறைவு தருவது அரிது. மனநல சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் நன்றாகப் பலன் தரும்.

அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் தழும்பு வகைகளைக் கன்னத்தின் மேலேயே பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். எந்த வகைக்கு என்ன செய்யப்போகிறார், எந்த மாதத்தில் பலனைக் கணக்கிடுவது, முடிவில் எது அப்படியே இருக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "எதுவும் இருக்காது" என்று பதில் வந்தால் வேறொரு தோல் மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். பருத் தழும்பு முழுதாக அழியாது, குறையும்.

உங்கள் அக்காவுக்கு: கண்ணுக்குக் கீழே பள்ளத்தோடு பையும் இருந்தால் ஃபில்லர் அந்த வீக்கத்தைக் கூட்டிக்காட்டும். மேலோட்டமாகப் போட்டுவிட்டால் நீலம் பாரித்தது போல் தெரியும். ஹையலுரானிக் அமில ஃபில்லராகவே இருக்கட்டும், ஏனென்றால் ஹையலுரானிடேஸ் ஊசியால் அதைக் கரைக்க முடியும். ஃபில்லர் இரத்த நாளத்துக்குள் போய்விட்டால் தோல் வெளிறும், வலை போன்ற நீலத் திட்டு படரும், அளவுக்கு மீறி வலிக்கும். அபூர்வமாகப் பார்வையும் மங்கும். அப்போது மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே சிகிச்சை வேண்டும். ஆகவே ஊசி போடும் அறையிலேயே ஹையலுரானிடேஸ் இருக்கிறதா, பார்வை மங்கினால் எந்தக் கண் மருத்துவரிடம் அனுப்புவார்கள் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அங்கே போட்டுக்கொள்ள வேண்டாம்.