டெனரை ஆல்ட்டோ என்று எழுதிவிடுபவருக்கு

மொபைல் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள், பாதித் தவறு அதிலேயே போய்விடும். "கோத்தகிரியில் மழை இரைச்சலோடு கேட்கிறேன், ஜாஸ் இசைத் துண்டைக் கேட்டு வாத்தியத்தின் பெயரை எழுதும் போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் டெனர் சாக்சபோனை ஆல்ட்டோ சாக்சபோன் என்று எழுதிவிடுகிறேன், காது சரியில்லையோ" என்கிறீர்கள். காதைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டில் டெனர் பெரியது, குரல் தாழ்ந்தது; ஆல்ட்டோ சிறியது, குரல் உயர்ந்தது. டெனரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 104 ஹெர்ட்ஸ், ஆல்ட்டோவுக்கு 139. இந்தக் கனம் சின்ன ஸ்பீக்கரில் சரியாக வராது. மிச்சத்தை ஐப்பசி மழையில் தகரக் கூரை விழுங்கிவிடும். மேல் ஓசை மட்டும் மெலிதாகக் கேட்டால் யாருக்கும் ஆல்ட்டோ என்றுதான் தோன்றும்.

அப்புறம், தனி வாசிப்பில் வேகமான இடங்களை விட்டு, வாசிப்பவர் மூச்சு விடும் முன் இறங்கும் கடைசிச் சுரத்தைப் பிடியுங்கள். அடையாளம் அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் என்றால் சுரத்தின் ஹெர்ட்ஸைக் காட்டும் ட்யூனர் செயலியை வைத்துப் பாருங்கள்: 130-க்குக் கீழே இறங்கினால் ஆல்ட்டோ இல்லை. கூடவே பேஸ் என்னும் தாழ்சுர வாத்தியம் ஒலித்தால் செயலி அதைக் காட்டிவிடும், பேஸ் அடங்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். ட்யூனர் பாட்டின் பெயரைச் சொல்லாது, ஆனாலும் சுற்றை நடத்துபவரிடம் அனுமதி கேட்டுக்கொள்வதுதான் முறை.

ஒன்று மட்டும். ஜாஸ் கலைஞர் லெஸ்டர் யங் டெனரையே இலேசான, காற்றோட்டமான தொனியில் வாசித்தவர். இன்னொரு ஜாஸ் கலைஞரான கோல்மன் ஹாக்கின்ஸின் கனத்த டெனரை மனதில் வைத்துக்கொண்டு யங்கைக் கேட்டால் நிச்சயம் ஏமாறுவீர்கள். துண்டு முழுக்க மேல் ஸ்தாயியிலேயே நின்றால் இந்தச் சோதனை உதவாது. அப்போது இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பழகுங்கள், 1930களின் பதிவுகளிலிருந்தே தொடங்கலாம்.