கொஞ்சம் கலராக

அன்புள்ள ஐயா,

வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், சென்னையில் வேலை. ஒன்றரை வருடமாகச் சேர்த்த 45,000 ரூபாயில் முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கப்போகிறேன். முகங்களை எடுப்பதில்தான் ஆசை, முதலில் அம்மாவை. கேனான் நல்லதா, நிக்கான் நல்லதா? கூடவே வரும் 18-55 லென்ஸ் போதுமா, 50 எம்எம் அல்லது 85 எம்எம் தனியாக வாங்க வேண்டுமா? கொஞ்சம் பொறுத்து, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமே வாங்கிவிடு என்கிறான் நண்பன். அம்மா கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள் போய்விடுகிறார். "இந்தக் கரிமூஞ்சிய எடுத்து என்ன பண்ணப்போற" என்பார். நல்ல லென்ஸில் எடுத்தால் கொஞ்சம் கலராக, பளிச்சென்று வருவார், பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

போன வாரம் அக்காவின் பேத்தி செல்போனில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பட்டனைத் தொட்டாள், ஏழு வயதுக் குழந்தையின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. "இப்ப நல்லாருக்குல்ல?" என்று என்னிடம் காட்டினாள். அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

கேமராவை முதலில் முடித்துவிடலாம். கேனானா நிக்கானா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள், எது பிடிக்க வசதியோ அதை வாங்குங்கள். ஃபுல் ஃபிரேம் பேச்சு இப்போது வேண்டாம். இரண்டு கம்பெனிகளும், டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கிற கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டன, அதனால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கின்றன. கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5600, எதுவானாலும் 24 மெகாபிக்சல். அம்மாவின் படத்தைச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு அச்சடிக்க அது தாராளம்.

லென்ஸ், 50 எம்எம் எஃப் 1.8. (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் குறைந்தால் துவாரம் பெரிது.) இந்தக் கேமராக்களில் படம் பதியும் சென்சார் சிறியது என்பதால் 50 மாட்டினால், ஃபுல் ஃபிரேமில் பார்ப்பதை ஒப்பிட, நிக்கானில் 75 போலவும் கேனானில் 80 போலவும் இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் தலையிலிருந்து இடுப்பு வரை அடங்கிவிடும். முகத்துக்கு ஏறக்குறைய அந்தத் தூரம் வேண்டும். கேமராவோடு வரும் கிட் லென்ஸை 18-ல் வைத்துக்கொண்டு முகத்துக்கு ஒரு முழம் கிட்டே போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். அதற்கு லென்ஸைக் குறை சொல்லக் கூடாது, நாம் நின்ற இடம் தப்பு. 85 அருமையான லென்ஸ்தான், ஆனால் நம் வீட்டு அறைகளில் பின்னால் போகப் போக முதுகு சுவரில் இடிக்கும். 18-55 கூடவே வந்தால் வரட்டும், கல்யாண வீட்டுக்கு ஆகும்.

நிக்கான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். டி3500, டி5600 இரண்டுக்குள்ளும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'டி' வகை 50 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'ஜி' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பழைய லென்ஸ் எதுவானாலும் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஓடினால் பூஞ்சை. விலை குறைத்தாலும் வேண்டாம். நீங்கள் இருப்பதும் கடற்கரை ஊர், போவதும் கடற்கரை ஊர். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன். 'கொஞ்சம் கலராக.' நம் ஊரில் கலர் என்றால் வெள்ளை. கறுப்பு அதில் சேராது. கல்யாண விளம்பரத்தில் மாநிறம், புதுநிறம் என்று எழுதி வார்த்தையிலேயே பவுடர் பூசிவிடுகிறோம். கரிமூஞ்சி என்பது உங்கள் அம்மா தானாகக் கண்டுபிடித்த சொல்லா? பாவாடை கட்டிய வயதில் யாரோ சொன்னது. இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டு அடுப்படிக்குள் போய் ஒளிகிறார். நீங்களோ 45,000 ரூபாய் சேர்த்து, 'ஆமாம்மா, அவங்க சொன்னது சரிதான், வா, வெளுத்துக் காட்டுறேன்' என்று நிற்கிறீர்கள். அம்மா மேல் உங்களுக்கு இருக்கிற பிரியம் எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் இது அவமரியாதை, ச. நன்றாக யோசியுங்கள்.

1983-ல் அக்காவுக்கு 22 வயது, எனக்குப் பத்து. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும் என்று கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவுக்கு அப்பா கூட்டிப்போனார். பிரிண்ட் வாங்கப் போன அன்று திரை விலகியிருந்தது, உள்ளே எட்டிப் பார்த்தேன். சாய்வுப் பலகை, நடுவில் பால் கண்ணாடி, அதன் பின்னால் பல்பு. கண்ணாடிமேல் யாரோ ஒரு பெண்ணின் நெகட்டிவ். ஒருவர் ஊசி போலச் சீவிய பென்சிலால் அதில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார். நெகட்டிவில் எங்கே பென்சில் ஏறுகிறதோ அங்கே பிரிண்டில் வெளுக்கும். அக்காவுக்கும் அதே வைத்தியம் நடந்திருந்தது. நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு எல்லாம் வழுவழுவென்று வெளுத்திருந்தன. இடது புருவத்துக்கு மேலிருந்த அம்மைத் தழும்பைக் காணவில்லை. எங்கள் அம்மா அந்தப் படத்துக்குத் திருஷ்டி கழித்தார்.

படம் சாத்தூருக்குப் போனது, பெண் பார்க்க வந்தார்கள். அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். வந்திருந்த ஓர் அம்மாள் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருக்கிற பிள்ளை எங்க?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். கடைசி டம்ளரை எடுக்கும் வரை அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. அந்த ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. 22 வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று காட்ட எங்கள் வீட்டில் ஒரு படம் கிடையாது. அந்தப் பென்சில் படம் இருக்கிறது, அது அவள் இல்லை.

ஸ்டுடியோக்காரரை மட்டும் சொல்லி என்ன? 1950களில் ஃபிலிம் கம்பெனியான கோடக்கில் வேலை பார்த்த ஷெர்லி பேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் பட அட்டையை வைத்துத்தான் படம் அச்சிடும் லேப்களில் நிறத்தைச் சரிபார்த்தார்கள். பின்னால் வேறு பெண்கள் வந்தும் அந்த அட்டைக்கு 'ஷெர்லி கார்டு' என்ற பெயரே நின்றது. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி.

உங்கள் கேமராவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைச் சுவர் முன்னால் அம்மாவை உட்காரவைத்தால் சுவரைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் இருண்டுவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டுங்கள். படம் நிறைய முகமே இருந்தால் நேர்மாறு, கறுப்பைச் சாம்பலாக வெளுத்துவிடும். அப்போது அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறையுங்கள். கேமராவின் ஃபிளாஷைத் திறக்கவே திறக்காதீர்கள். கறுத்த தோலில் வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழ வேண்டும். கன்ன எலும்பில் பட்டு, தாடை வழியாக இறங்கி மங்கும் அந்த இடத்தை வெளுத்த முகத்தில் எவ்வளவு தேடினாலும் பார்க்க முடியாது. கேமராவைக் காட்டி அம்மாவைக் கூப்பிடவும் வேண்டாம். அவர் வேலை செய்யும் இடத்தில் நாலு நாள் சும்மா போய் உட்காருங்கள். அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவை அப்படித்தான் எடுத்தேன். கொல்லை வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 50 எம்எம், எஃப் 2.8. ஒன்றரை மீட்டரிலிருந்து 1.8-ல் எடுத்தால் ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும், கண் கிடைத்தால் காது கிடைக்காது. காலை வெளிச்சம் அவள் இடது பக்கமிருந்து வந்தது. ஏதோ கேட்பதற்காக நிமிர்ந்தாள், எடுத்துவிட்டேன். திட்டினாள். சரி என்று விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். புருவத்துக்கு மேலே விரலை வைத்து, "இது இருக்குதுடா" என்றாள்.

அன்புடன்