ரத்தத்தில் தங்கிவிட்ட நச்சை 'டிடாக்ஸ்' வெளியேற்றுமா?

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். ஒரு தனியார் மையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டையாக்சின் (குப்பை எரிப்பிலும் ஆலைகளிலும் உண்டாகும் நச்சு), பி.எஃப்.ஓ.ஏ. (ஒட்டாத பாத்திரப் பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட வேதிப்பொருள்) ஆகியவை இருப்பதாகவும், இரண்டும் புற்றுநோய் உண்டாக்கும் 'முதல் பிரிவு' நச்சு என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கேயே மூன்று மாத நச்சுநீக்கச் சிகிச்சையில் சேரச் சொல்கிறார்கள். எனக்குப் புற்றுநோய் வருமா? பாலை நிறுத்திவிடவா?

பதில்: பாலை நிறுத்தாதீர்கள். அந்தச் சிகிச்சைக்குப் பணமும் கட்டாதீர்கள். அவசரமாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்த இரண்டும்தான்.

'முதல் பிரிவு' என்பது பொய் அல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டையாக்சின்களில் மிகக் கொடிய வகையை 1997-லும், பி.எஃப்.ஓ.ஏ.வை 2023-லும் அந்தப் பிரிவில் சேர்த்தது. ஆனால் ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே அந்தப் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. இரண்டும் சம ஆபத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதை மறைத்துவிட்டு, 'முதல் பிரிவு' என்ற சொல்லைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்துத்தான் இந்த மையங்கள் பிழைக்கின்றன.

இந்தப் பொருள்கள் பெரும்பாலும் மரபணுவை நேரடியாக வெட்டுவதில்லை. டையாக்சின் செல்லுக்குள் இருக்கும் ஓர் ஏற்பியை (சமிக்ஞைகளை வாங்கும் புரதத்தை) பிடித்துக்கொண்டு, வளர்ச்சிக்கான கட்டளைகளைக் குழப்புகிறது. வேறு சில பொருள்கள் ஹார்மோனைப் போல நடிக்கின்றன, அல்லது நோய் எதிர்ப்பைத் தளர்த்துகின்றன. ஏற்கெனவே பழுதான ஒரு செல் பெருக இவை இடம் கொடுக்கின்றன. அதற்கும் அளவும் ஆண்டுகளும் வேண்டும். உடலில் டையாக்சின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதால்தான், சிறுகச் சிறுகச் சேர்வதைப் பற்றி எங்களுக்குக் கவலை. இன்று உலகில் பெரும்பாலும் எல்லோருடைய ரத்தத்திலும் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். பரிசோதனையில் அது தென்பட்டதை வைத்து யாருக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

ஏழு ஆண்டுக் கணக்கை மூன்று மாதத்தில் முடிப்பதாகச் சொல்கிறவரிடம் எப்படி என்று கேளுங்கள். நச்சை இழுப்பதாகச் சொல்லி இந்த மையங்கள் பாதத்தை வைக்கச் சொல்லும் மின்தொட்டியில் நீர் பழுப்பாவது மின்முனை துருப்பிடிப்பதால். காலை வைக்காவிட்டாலும் பழுப்பாகும். கீலேஷன் ஊசி ஈயம் போன்ற உலோகங்களைத்தான் பிடிக்கும். டையாக்சின் கொழுப்பில் கரைந்து கிடக்கிறது, அதை இந்த ஊசி தொடாது. அது தரும் பக்கவிளைவுகள் மட்டும் மிச்சம். பட்டினித் திட்டம் இன்னும் மோசம்: கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் அடங்கிக் கிடந்தது ரத்தத்துக்குத் திரும்புகிறது. பால் கொடுக்கும் நேரத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

தாய்ப்பால் விஷயத்தை நான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தாய்மார்கள் பயந்துவிடுகிறார்கள். ஆம், இந்தப் பொருள்கள் பாலில் வரும். தாயின் உடலில் இவை குறைவதற்கு அதுவும் ஒரு வழி. கேட்கவே சங்கடமாக இருக்கும். அப்படியிருந்தும் உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்துத் தாய்ப்பால் என்றுதான் சொல்கிறது. தொற்றுகளிலிருந்து பால் தரும் காப்பு அவ்வளவு பெரியது. உங்களுக்கே மார்பகப் புற்றுநோய் வாய்ப்பையும் அது குறைக்கிறது. ஆலை விபத்து நடந்த இடத்திலோ, மாசுபட்டது என்று அறிவிக்கப்பட்ட நீரைக் குடிக்கும் பகுதியிலோ இருப்பவர் மட்டும் குழந்தை மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் பெரும்பாலும் 'கொடுங்கள்' என்றுதான் பதில் வரும்.

என் எரிச்சல் வேறு இடத்தில்: முதலில் விற்றுவிட்டு, ஆபத்தைப் பிறகுதான் கண்டுகொள்கிறார்கள். மின்மாற்றிகளில் பயன்பட்ட பி.சி.பி. என்ற எண்ணெய்கள் 1929-லேயே விற்பனைக்கு வந்தன. அவை முதல் பிரிவுக்குப் போனது 2013-ல். பி.எஃப்.ஓ.ஏ.வை எடுத்துவிட்டு அதன் ஒன்றுவிட்ட தம்பியை, அதாவது அதே குடும்பத்து வேறொரு வேதிப்பொருளைப் போட்டு, 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று சீட்டு ஒட்டுகிறார்கள். சீட்டை நம்பிப் பாத்திரங்களை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

குடிநீரை மட்டும் கவனியுங்கள். கொதிக்க வைத்தால் பி.எஃப்.ஓ.ஏ. போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். செயலூட்டிய கரி வடிகட்டியோ ஆர்.ஓ.வோ குறைக்கும். கரியை உரிய நாளில் மாற்றாவிட்டால், பிடித்து வைத்ததையே அது திரும்ப நீரில் விட்டுவிடக்கூடும்.