தம்பியின் எம்.எஸ். நோய்க்கு வீட்டுச் சண்டை காரணமா?

ஒயிட்ஃபீல்டிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

தம்பிக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் நடந்த சண்டைதான், நோய் எதிர்ப்பு மண்டலம் தன் நரம்புகளின் உறையையே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு (எம்.எஸ்.) காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பழியைச் சுமக்காதீர்கள். நீங்கள் படித்த எலி ஆய்வில் எலிகளுக்கு எம்.எஸ். போன்ற நோயைத் தரும் தைலர் வைரஸை மூளைக்குள் ஆய்வாளர்களே செலுத்துகிறார்கள். அதற்கு முன்பே முரட்டு எலியோடு அடைத்து அலைக்கழித்த எலிகளுக்கு நோய் கடுமையானது. தொற்றோடு சேர்த்து அலைக்கழித்தபோதோ தணிந்தது! உளைச்சலின்போது இண்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் கடுமை குறைந்தது. நேரம் மாறினாலே விளைவு தலைகீழாகிறது. இதை வைத்து ஒரு குடும்பத்தை எப்படிக் குற்றம் சொல்வது?

மனிதரில் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு 2022-இல் வலுவான சான்று கிடைத்தது. ஆனால் அது பெரும்பாலான பெரியவர்களின் உடலில் இருப்பதுதான்.

காய்ச்சலின்போது பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைகாட்டும். புதிதாகப் பார்வை மங்கினாலோ கால் மரத்தாலோ, பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலோ வேறெங்கோ நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.