நிலைக்கால் இற்றுப்போனால் முழுசாக மாற்ற வேண்டுமா?

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வீட்டு மரவேலையை முடிக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஏரல்: அண்ணாச்சி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வாசல் நிலை வேப்பமரம். இப்போது அடியில் அரை அடிக்கு விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. ஆசாரி முழு நிலையையும் பெயர்த்து மாற்றச் சொல்கிறார்.

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு திருப்புளியை எடுத்துக் கீழிருந்து மேலாகக் குத்திக்கொண்டே போங்கள். முனை இறங்காத இடம் வந்ததும், அதற்கு மேலும் ஒரு சாண் விட்டு வெட்டச் சொல்லுங்கள். பூஞ்சை, கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டியும் ஓடியிருக்கும். வெட்டு சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் வெளிப்பக்கம் வழிகிற மாதிரி. ஒட்டுப் போடும் துண்டு நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை வேம்பை வைத்தால் ஆறு மாதத்தில் சுருங்கி ஒட்டு வாய் பிளக்கும். எபாக்சி பசையும் துருப்பிடிக்காத ஸ்டீல் திருகும் போதும். மாட்டுவதற்கு முன் துண்டின் அடிமுகத்துக்கு இரண்டு கை பிரைமர் அடியுங்கள். மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்தக் குறுக்குவெட்டு முகம் வழியாகத்தான்.

ஆனால் பழியை வெள்ளத்தின் மேல் மட்டும் போடாதீர்கள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இற்றுப்போவது நின்றுவிடும். அன்று ஊறிய மரம் அடுத்த கோடையிலேயே காய்ந்திருக்கும். இன்னும் இற்றுக்கொண்டே போகிறது என்றால் இன்னும் ஈரம் வருகிறது. தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீர் படியோரம் தேங்குகிறதா? வெள்ளத்துக்குப் பிறகு டைல்ஸ் போட்டபோது நிலையின் அடி தரைக்குள் புதைந்துவிட்டதா? அதைச் சரிசெய்யாமல் தேக்கு வைத்தாலும் கொஞ்சம் தாமதமாக இதே கதைதான்.

செங்கோட்டை: மேற்குப் பார்த்த ஜன்னல். வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறேன். இருந்தும் அடிக்கட்டை இற்றுப்போகிறது.

பதில்: உங்கள் ஊர்ச் சாரல் நேராக வந்து விழுகிற பக்கம் அது. ஈரம் காயாத கட்டைமேல் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கிற தண்ணீருக்கு மூடி போட்ட மாதிரிதான். பங்குனி, சித்திரை வெயிலில் சுரண்டி, காயவிட்டு அடியுங்கள். ஜன்னலுக்கு வெளியே உள்ள சிமெண்டுத் திட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் அது உள்பக்கம்தான் சரிந்திருக்கும். மேலே சன்ஷேடு குட்டையாக இருந்தால் ஒரு தகரமாவது நீட்டுங்கள்.

அம்பாசமுத்திரம்: ஓட்டு வீட்டில் ஓட்டைத் தாங்குகிற ஒரு பனங்கை (பனைமரச் சட்டம்), சுவருக்குள் போகிற இடத்தில் இற்றுவிட்டது. மாற்றலாமா?

பதில்: முதலில் கீழே முட்டுக் கொடுங்கள், பிறகு ஓட்டைப் பிரியுங்கள். மாற்றிச் செய்யாதீர்கள். நடுப்பகுதி கெட்டியாக இருந்தால் பழையதை எடுக்க வேண்டாம். பக்கத்திலேயே புதுக் கை ஒன்றைச் சேர்த்து போல்ட்டு போட்டு முடுக்கலாம். பனையில் வலு வெளிப்பக்கத்துக் கறுப்பு வைரத்தில்தான், உள்ளே சோறு. இளமரத்துக் கையை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். சுவருக்குள் போகும் நுனியைச் சுற்றிச் சிமெண்டு வைத்து அடைக்காமல் காற்றுப்போக விடுங்கள். அடைத்ததால்தான் பழையது போயிருக்கும்.

பாளையங்கோட்டை: புதிதாகச் செய்த மாமரக் கட்டில் காலடியில் மாவு மாதிரி கொட்டுகிறது. கரையானா?

பதில்: இல்லை, வண்டு. கரையான் என்றால் பெரும்பாலும் மண் பாதை தெரியும். மரத்தில் மருந்து ஏற்றாமல் செய்திருக்கிறார்கள். மரத்துக்கென்று விற்கிற பூச்சி மருந்தைச் சிரிஞ்சால் ஓட்டைகளில் ஏற்றி மெழுகால் அடையுங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தைப் படுக்கிற கட்டிலில் ஊற்ற வேண்டாம்.

வள்ளியூர்: பாத்ரூம் கதவு மூன்றாவது முறையாக அடியில் ஊதிவிட்டது.

பதில்: பிவிசி கதவு போடுங்கள். இந்த இடத்தில் மரத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

திசையன்விளை: முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசினால் மரம் கெடாது என்கிறார்களே?

பதில்: வேலிக்கால், கூரைக் கை போன்றவற்றுக்கு நல்லதுதான். மரம் கறுத்துவிடும், ஆகவே வாசல் கதவுக்கு வேண்டாம். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும். பிள்ளைகள் விளையாடுகிற திண்ணைத் தூணிலும் பூசிவிடாதீர்கள்.